அம்மா போட்டுக்கொண்ட நாய்க்கடி ஊசி

என் அம்மாவின் வலது கையில், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதையில், என் பல்வரிசை பதிந்திருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் கீழ்ப்பல், புறங்கைப் பக்கம் மேல்பல். மழைக்காலத்தில் அந்தத் தழும்பு சிவந்து தடிக்கும். மண்வெட்டி பிடித்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது என்பாள். தெறிக்கட்டும். அன்றைக்கு நான் கடித்திருக்காவிட்டால் இன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு மூச்சு இருந்திருக்காது. பெற்ற தாயைக் கடித்ததற்கு வருத்தமே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கேட்டுவிட்டு அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மலைமேல், வளப்பூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில், பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் வீடு. வீட்டில் மூன்று பேர்: அம்மா, அண்ணன், நான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் மேலிருந்து விழுந்தார். விலா எலும்பு நொறுங்கி, ஜீப்பில் மலை இறங்கும்போதே வழியில் முடிந்துபோனது. அதற்குப் பிறகு அம்மா காட்டோடு மல்லுக்கு நின்றாள், எங்களோடும் மல்லுக்கு நின்றாள். எங்கள் மூவருக்கும் வாய்க்கு முன்னால் கைதான் வரும். அண்ணன் கோபம் வந்தால் கதவை உதைப்பான். அவன் உதைத்து உதைத்தே அடிப்பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. அம்மா கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். நான் அவர்கள் இரண்டு பேரையும்விட மோசம் என்று ஊரே சொல்லும். ராசிபுரத்தில் காலேஜ் படித்தபோது, ஹாஸ்டலில் ஒருத்தி என்னை மலைக்குரங்கு என்றாள் என்பதற்காக, வாளித் தண்ணீரை வாளியோடு சேர்த்து அவள்மேல் வீசியவள் நான்.

படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்த வருடம்தான் நோய் வந்தது. சாமை அறுத்து முடித்திருந்தோம். எங்கள் பக்கம் களம் என்றால் பாறைதான். வெயில் காயும் பாறையில் கதிரைப் பரப்பி, வரிசையாக நின்று தடியால் அடிப்போம். ஒவ்வொரு அடிக்கும் சுணை எழும்பும். சுணை என்பது கதிரிலிருந்து கிளம்பும் அரிக்கிற தூசி. சின்ன வயதிலிருந்து அதைத் தின்றே வளர்ந்தவள் நான். அன்றைக்கு மட்டும் அது என்னைத் தின்றது.

முதலில் இருமல். பிறகு நெஞ்சின்மேல் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி ஓர் அழுத்தம். காற்று உள்ளே போனது, வெளியே வரவில்லை. உள்ளே கிடக்கும் காற்றின்மேலேயே இன்னும் காற்றைத் திணிக்க வேண்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டைக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம், அது என்னுடையது என்று நம்பவே முடியாத சத்தம். தடியைக் கீழே போட்டுக் குனிந்தேன்.

"நடிக்காத புள்ள," என்றான் அண்ணன். "காலேஜுக்குப் போயிட்டு வந்தா தடி கனக்குதா?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. தடியை எடுத்து அவன் காலைப் பார்த்து எறிந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. அவன் என்னை அடிக்க ஓடிவந்தான். கையை ஓங்கியவன் என் உதட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்ததாம். ஓங்கிய கையாலேயே என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். அவனும் நொண்டிக்கொண்டுதான் ஓடினான்.

அரசு ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க் போட்டார்கள். அதில் மருந்து புகை போல வந்தது. புகைக்குப் புகையா மருந்து என்று அந்த நிலைமையிலும் எனக்கு எரிச்சல் வந்தது. மூச்சு திரும்பியபின் டாக்டர் ஊதச் சொன்னார், கேள்வி கேட்டார், மார்கழியில் எனக்கு வழக்கமாக வரும் இருமலைப் பற்றி விசாரித்தார். கடைசியில் ஆஸ்துமா என்றார்.

"வீசிங்குன்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள் அம்மா. எங்கள் ஊரில் வீசிங் என்றால் வந்து போகிற ஒன்று. பிள்ளைகளுக்கு வரும், மாத்திரை தின்றால் போகும். ஆஸ்துமா என்றால் கூடவே இருந்து குழிக்கு வருகிற ஒன்று.

"பேரை மாத்துனா நோய் மாறாதுங்கம்மா," என்றார் டாக்டர். தூசி ஆகாது, புகை ஆகாது, பனி ஆகாது என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தூசியும் புகையும் பனியும் இல்லாத இடம் எங்கள் வீட்டில் எது? அடுப்பு விறகு அடுப்பு. பின்சுவர் காடு. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்ளும்.

இரண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள். ஒன்று தினமும் இழுப்பது, நீல நிறத்தில் இருப்பது ஆபத்துக்கு. எப்படி இழுப்பது என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை. குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, வாயில் வைத்து அமுக்கிக்கொண்டே இழு, இழுத்ததை அப்படியே பிடித்துக்கொள். நான் அவசரத்தில் பாதியிலேயே விட்டுவிடுவேன். "என்ன கண்ணு அவசரம், மருந்து உள்ள போயி உக்கார வேண்டாமா?" என்று தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் இன்ஹேலரைச் சுவரில் விட்டெறிந்தேன். இருபத்து மூன்று வயதில் எதற்கு எனக்கு இது? அத்தனை வருடம் அந்தப் பாறையில் நின்ற பெண்கள் யாருக்கும் வராதது எனக்கு மட்டும் ஏன்? ஆத்திரத்தில் மூச்சு முட்டியது. எறிந்ததை நானே தவழ்ந்து போய்ப் பொறுக்கி இழுக்க வேண்டியதாயிற்று. கோபப்படக்கூட அந்த நீலக் குழாயின் அனுமதி வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த அவமானம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதை ஜன்னல் திட்டில் வைத்தேன், கை நீட்டினால் எட்டும் இடத்தில். யாராவது வீட்டுக்கு வந்தால் அது காணாமல் போய்விடும். சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும், தலையணை உறைக்குள் இருக்கும், ஒரு தடவை அரிசிப் பானையில் இருந்தது.

"ஏம்மா எடுத்து ஒளிக்கிற? அது என்ன சாராய பாட்டிலா?"

"நாலு பேரு வந்து போற ஊட்டுல பம்பக் காத்தாட வெச்சிருந்தா உன்ன எவன்டி கட்டுவான்?"

அம்மா அதை இன்ஹேலர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பம்பு. சண்டை முற்றி, ஒரு முறை அவள் என் முதுகில் அறைந்தாள். நான் தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தேன். அண்ணன் கதவை உதைத்தான், யார் பக்கம் என்றே தெரியாமல்.

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் மலையில் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் நிறத்தை அவ்வளவாகப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். களத்தில் நிற்பாளா, பாறைமேல் சுமை ஏற்றுவாளா, கொத்துவாளா. தூசி ஆகாத மருமகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே சமயம் அரியூர் நாட்டிலிருந்து ஒரு வரன் வேறு வந்திருந்தது. அவனை நான் ஏற்கெனவே சந்தையில் பார்த்திருந்தேன். அவன் தோளில் இருந்த மூட்டை பிரிந்து மிளகு ரோடெல்லாம் ஓடியது. வேறு எவனாக இருந்தாலும் மூட்டை தைத்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பான். இவன் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பொறுக்கினான். சிரிக்கத் தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் இல்லாததால் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. கட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவர்கள் வரும்போது மருந்து ஜன்னலில் இருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும். பிறந்த வீட்டிலேயே நாலு பேர் முன்னால் இழுக்க முடியாத மூச்சைப் புகுந்த வீட்டில் எந்த மூலையில் போய் இழுப்பேன்? ஒளித்து ஒளித்தே ஒருநாள் செத்துப்போவேன் என்றேன்.

"தாலி ஏறட்டும் கண்ணு. அப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள் அம்மா.

தை மாதம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அவன் பெரியப்பா. வாசலிலேயே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். திட்டு காலி. அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா உட்கார்ந்ததும் காதிலிருந்து பீடியை எடுத்தார். தீப்பெட்டி தேடினார். அம்மா அடுப்பிலிருந்து கரண்டியில் கங்கு எடுத்துக்கொண்டு போய்ப் பணிவாக நீட்டினாள். என் வீட்டில், என் அம்மா, தன் கையாலேயே அந்த நெருப்பைக் கொடுத்தாள். கரண்டியைப் பிடுங்கி அந்த ஆளின் மீசையில் தேய்க்க வேண்டும் போல இருந்தது.

"களத்து வேலையெல்லாம் செய்யுமுங்களா புள்ள?" என்றார் அவர் புகையை விட்டபடி.

"ஆம்பளைக்குச் சமமா அடிப்பாளுங்க," என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கால்மேல் தன் காலை வைத்து மிதித்தான். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ சொல்ல வருகிறேன் என்று தெரிந்தவன் போல. நெஞ்சில் சின்னதாய் விசில் ஆரம்பித்திருந்தது. அதை அடக்கத்தான் எனக்கு மூச்சு சரியாக இருந்தது, பேச மிச்சமில்லை. சாப்பிட்டார்கள், பெண் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள், பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு இறங்கினார்கள்.

அவர்கள் தலை மறைவதற்குள் அம்மா காய்ந்த மிளகாயையும் கல்லுப்பையும் எடுத்துவிட்டாள். இத்தனை கண் பட்டிருக்கிறது, சுற்றிப் போடாமல் விடுவாளா? மிளகாயைத் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டால், நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெடி வந்து இருமினால் கண் எதுவும் இல்லை. இது எங்கள் வீட்டில் காய்ச்சல் பார்ப்பது மாதிரி அடிக்கடி நடப்பது. வழக்கமாக வாசலில்தான் நடக்கும். அன்றைக்கு ரோட்டிலிருந்து அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று உள்ளேயே, அடுப்படியில். அண்ணன் கதவைச் சாத்தினான்.

"வேண்டாம்மா. புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லலியா?"

"அது நோய்க்கு. இது கண்ணுக்கு. பேசாம உக்காரு சாமி."

தோளை அமுக்கி உட்கார வைத்தாள். மூன்று சுற்று. கைப்பிடி நிறைய மிளகாய், பெரிய இடத்துக் கண் என்று. அத்தனையையும் கங்கில் போட்டாள்.

நெடி அறைந்தது. அண்ணன் இருமினான், இருமிக்கொண்டே சிரித்தான். "கண்ணே இல்லம்மா, பாரு, நெடி வருது!" அம்மாவும் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அவர்களுக்கு நல்ல சேதி வந்திருந்தது. எனக்குத் தொண்டையை இரண்டு கையாலும் யாரோ முறுக்கினார்கள்.

நான் ஜன்னலுக்குத் தவழ்ந்தேன். இல்லை என்று தெரிந்தும் அங்கேதான் தவழ்ந்தேன். திட்டைத் தடவினேன். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து வாயைக் காட்டினேன். விசில் சத்தம் வீடெல்லாம் கேட்டது. அம்மாவின் சிரிப்பு நின்றது. அவள் எழுந்த அந்த நேரத்தில்தான் வெளியே குரல் கேட்டது.

"ஏனுங்க, என்ர பைய உள்ள வெச்சுட்டுப் போயிட்டனுங்க."

மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என்மேல் சாய்ந்து, வலது கையால் என் வாயைப் பொத்தினாள். பொத்தினாள் என்பது சின்ன வார்த்தை. தன் முழு பாரத்தையும் அந்தக் கையில் ஏற்றினாள். "சத்தம் போடாத சாமி. போயிருவாங்க சாமி. துளி நேரம் பொறுத்துக்க சாமி," என்று காதுக்குள் கெஞ்சினாள். இப்படி அன்பான குரலில் அவள் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை. அந்தக் குரலோடுதான் என் மூச்சை அடைத்தாள்.

கையில் மிளகாயும் உப்பும் ஒட்டியிருந்தது. உதடு எரிந்தது. நான் அவள் விலாவில் குத்தினேன், காதை இழுத்தேன், நகத்தால் கன்னத்தைக் கிழித்தேன். கை நகரவில்லை. கண்ணுக்குள் இருட்டு ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. என்னைப் பெற்றவள் என்னைக் கொல்கிறாள், ஒரு பையை எடுக்க வந்தவளுக்காகக் கொல்கிறாள் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. கடித்தேன். பல் சதைக்குள் இறங்கியது. ரத்தம் வாய்க்குள் வந்தது. அம்மா கத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை. கடிக்கக் கொடுத்துக்கொண்டே பொத்திக்கொண்டிருந்தாள். இன்னும் ஆழமாகக் கடித்தேன், எலும்பு தட்டுகிற வரைக்கும்.

அண்ணன் என் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பாய்ந்து வந்து அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்து எறிந்தான். அவள் சுவரில் போய் மோதினாள்.

"எங்க வெச்ச? சொல்லு! எங்க வெச்ச?"

அம்மா ரத்தம் சொட்டும் கையால் மூலையைக் காட்டினாள். சாமை கொட்டி வைத்திருந்த தகர டிரம். தூசி ஆகாது என்று டாக்டர் சொன்ன மருந்தை, வீட்டிலேயே அதிகத் தூசி இருக்கிற இடத்தில், முழங்கை ஆழத்துக்குப் புதைத்திருந்தாள். அண்ணன் டிரம்மை உதைத்துச் சாய்த்தான். ஒரு வருடத்துச் சாமை தரையெல்லாம் கொட்டியது, தூசி கூரை வரைக்கும் எழுந்தது. தூசிக்குள் கையை விட்டுத் துழாவி, பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்ததை எடுத்து, என்னைக் காலைப் பிடித்துத் தரதரவென்று பின்வாசலுக்கு இழுத்துப்போனான். குலுக்கினான். என் பல்லுக்கு நடுவே திணித்து அமுக்கினான். முதல் மருந்து நாக்கிலேயே நின்றது. இரண்டாவதில் துளி உள்ளே போனது. மூன்றாவதில் எனக்கு என் பெயர் நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். முன்கதவு திறந்திருந்தது. வாசற்படியில் மாப்பிள்ளையின் அம்மா. அவளுக்கு எதிரே தலைவிரி கோலமாய், கையெல்லாம் ரத்தமாய் என் அம்மா, தரையெல்லாம் சாமை, பின்வாசலில் வாயெல்லாம் ரத்தமாய் நீலக் குழாயை இழுத்துக்கொண்டு பெண். எங்கள் குடும்பத்தை அவ்வளவு உள்ளபடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவள் பையை எடுக்காமலே போனாள். ஆஸ்துமா என்று அவர்கள் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்தப் பிள்ளை கடிக்கும், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டுச் சரக்கு ஆட்டோவில் அண்ணன் எங்கள் இருவரையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எனக்கு மறுபடியும் மாஸ்க். அம்மா பக்கத்தில், கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு. நர்ஸம்மா துண்டை விலக்கிப் பார்த்துப் பதறினார்.

"என்னங்கம்மா இது?"

"நாய் கடிச்சிருச்சுங்க," என்றாள் அம்மா.

மாஸ்க்குக்குள்ளிருந்து நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். ஆடாதே, மருந்து சிந்தும் என்று நர்ஸம்மா என் தலையைப் பிடித்துத் தலையணையில் அமுக்கினார்.

"தெருநாயா, ஊட்டு நாயா?"

"ஊட்டு நாய்ங்க."

"பல்லு வரிசையா இருக்குதே?"

"சின்ன நாய்ங்க."

"நாய் இப்ப உசுரோட இருக்குதா?"

அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் உடைந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள் தேம்பினாள். "இருக்குதுங்க. போயிருமின்னு நெனச்சேனுங்க. இருக்குது," என்றாள். ஒரு நாய்க்காக இப்படியா அழுவது என்று நர்ஸம்மா திகைத்துப்போனார். அண்ணன் வெளியே போய்ச் சுவரில் குத்தினான். அவன் கையிலும் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

ஆழமான கடி என்பதால் நாய்க்கடி ஊசியைக் காயத்தைச் சுற்றியே குத்தினார்கள். அந்த ஊசியின் வலியில் ஆம்பிளைகளே அலறுவதை நான் அந்த வார்டிலேயே கேட்டிருக்கிறேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இன்னும் பல தடவை வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரிங்க என்றாள்.

இரண்டாவது ஊசிக்குக் கிளம்பும்போது சண்டை போட்டேன். உண்மையைச் சொல், ஒரு ஊசியும் வேண்டாம் என்றேன்.

"மக கடிச்சான்னா?"

"ஆமா, கடிச்சேன். சொல்லு. ஏன் கடிச்சேன்னும் சொல்லு."

"நீ கடிச்சாலும் நான் கொன்னாலும் அது ஊட்டோட."

நான் ஜன்னல் திட்டில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துத் தரையில் அடித்தேன். அவள் அதை மிதித்துக்கொண்டே ஊசிக்குப் போனாள். ஆனாலும் நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு தடவையும் போனேன். அவளுக்குத் துணைக்கு இல்லை, வழியெல்லாம் திட்டுவதற்கு.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த ஒரு நாள், நான் கேட்காமலே பேசினாள். "ஜீப்புல உங்கப்பன் தலை என் மடியில இருந்துச்சு. மூச்சு உன்னாட்டமேதான் சத்தம் போட்டுச்சு. வளைவுக்கு வளைவு போட்டுச்சு. ஒரு வளைவுல நின்னு போச்சு." தன் கையைப் பார்த்தாள். "அந்தப் பொம்பளைக்காகத்தான் மூடுனேன், இல்லேங்கல. ஆனா அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியல கண்ணு. மூடுனா நின்னுரும்னு நெனச்சுட்டேன்."

சத்தம் நின்றால் நானும் நின்றுபோவேன் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லையாம். எனக்கு ஆத்திரம் போகவில்லை. ஆனால் அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை. ஊசிக்குக் கூப்பிட்டபோது அவளோடு நானும் எழுந்து உள்ளே போனேன்.

கடைசி ஊசி போட்ட அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. கூட்டம். நானும் அம்மாவும் நடுவில் ஒரு சீட்டில். எங்களுக்கு முன்சீட்டில் வந்து உட்கார்ந்த ஆள் காதிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தார். மீசையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா. அவர் எங்களைக் கவனிக்கவில்லை. புகை நேராக என் முகத்துக்கு வந்தது. நெஞ்சில் விசில் எழுந்தது. பைக்குள் கையை விட்டேன், பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள், கை அப்படியே நின்றது. ஒளிக்க வேண்டும் என்ற புத்தி எனக்குள்ளேயும் வந்துவிட்டது என்று நினைத்தபோது என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மா எழுந்தாள். கை வீசிய வேகத்தில் பீடி அவர் வாயிலிருந்து பறந்து ஜன்னல் கம்பியில் பட்டுச் சிதறியது. மீசையிலும் ஒரு அடி விழுந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

"ஏம்மா, கிறுக்கா உனக்கு?"

"எம்புள்ளைக்கு ஆஸ்துமாங்க," என்றாள் அம்மா. அந்தப் பெயரை அவள் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் திரும்பி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "ஓ, அந்தக் கடிக்கிற புள்ளையா?" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அம்மா கையை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஆமாங்க, எம்பொண்ணுதான் கடிச்சா. நாய் இல்ல, நாந்தான் நாயின்னு பொய் சொன்னேன். மூச்சுக்குத் தவிச்ச புள்ள வாய நாந்தான் அடச்சேன். நல்லாப் பாத்துக்கங்க." பிறகு என் பையிலிருந்து நீலக் குழாயைப் பிடுங்கினாள். குலுக்கினாள். நர்ஸம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் மூலையில் நின்று அத்தனையும் பார்த்திருக்கிறாள். "மூச்ச வுடு சாமி. முழுக்க வுடு. இப்ப இழு."

அத்தனை ஊசியும் குத்திக்கொண்டு மறைத்ததை ஒரு பீடிக்காகப் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் இழுத்த மருந்து உள்ளே போய் உட்கார வேண்டும், மூச்சைப் பிடித்திருந்தேன். விட்டபோது அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அம்மா மறுபடியும் குலுக்கினாள்.

"அழுதா மருந்து நிக்காது. இன்னொருக்கா இழு," என்றாள்.